வாப்பாமாரின் வெட்கமும் லேசர் ஒபரேஷனும்



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கூச்சமான விடயமும் கூட. ஆனால் இந்தக் கூச்சத்தால்தான் எமது ஊர் வாப்பாமார் பலர் தேவையில்லாமல் கஷ்டப்படுகிறார்கள் என்பதால் எழுதாமல் விட முடியவில்லை. வீட்டில் அறுபது தாண்டிய ஆண் ஒருவர் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் அவ்வப்போது ஒரு வேண்டுகோள் வரும். இன்ன வட்டாரத்துச் சகோதரர் ஒருவருக்குப் புரொஸ்டேட் வீங்கி சிறுநீர் அடைத்துவிட்டது, டியூப் போட்டிருக்கிறார்கள், கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் லேசர் ஒபரேஷன் செய்ய வேண்டும், இத்தனை லட்சம் தேவை, கீழே வங்கிக் கணக்கு இலக்கம் என்று. அல்ஹம்துலில்லாஹ், எமது மக்கள் கொடுக்கிறார்கள். கத்தாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள் சம்பளம் வந்த கையோடு அனுப்புகிறார்கள். சில வீடுகளில் காப்பும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன.

கொடுப்பதில் எமக்கு ஒரு குறையும் இல்லை. கேட்க நினைப்பது இரண்டு கேள்விகள். அந்தச் சகோதரருக்கு லேசர்தான் வேண்டும் என்று சொன்னது யார்? அதைவிடப் பெரிய கேள்வி, சிறுநீர் முற்றாக அடைக்கும் வரைக்கும் அவர் எத்தனை வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தார்?

லேசர் நல்ல சிகிச்சை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நேரத்தோடு வாய் திறந்து சொல்லியிருந்தால் இவர்களில் பலருக்கு மாத்திரையே போதுமாக இருந்திருக்கும். ஒபரேஷன் தேவைப்பட்டவர்களில் பலருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்யும் ஒபரேஷனே போதும். இதுதான் எமது கருத்து. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நோயை விளங்கிக்கொள்வோம். புரொஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் போல இருக்கிறது. வாலிப வயதில் சுமார் 20 கிராம்தான், ஒரு பெரிய கொட்டைப்பாக்கு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். வயது போகப்போக அது பெருக்கும். ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கும், எண்பது தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கும் இந்தப் பெருக்கம் இருக்கும். தலை நரைப்பது போலத்தான். எல்லோருக்கும் அது தொல்லை கொடுப்பதில்லை. சிலருக்கு மட்டும் உள்ளே இருக்கும் குழாயை நெரிக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும் ஹோஸ் பைப்பை யாரோ காலால் மிதித்துக்கொண்டு நிற்பது போல.

இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியாக வரலாம், அதனால்தான் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது தொற்று நோயுமில்லை, வாலிபத்தில் செய்த எதற்குமான தண்டனையுமில்லை. சில இடங்களில் அப்படியொரு குசுகுசுப்பு இருக்கிறது. வயதும் ஆண் ஹோர்மோனும் சேர்ந்து செய்கிற வேலைக்கு ஒழுக்கத்தோடு என்ன சம்பந்தம்?

அறிகுறிகள் எவை? வைத்தியப் புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை, எமது பள்ளிவாசலில் நின்று பார்த்தாலே தெரியும். ஜும்ஆவுக்கு நேரத்தோடு வந்தும் முன் ஸஃப்புக்குப் போகாமல் கதவோரமாகவே உட்காரும் பெரியவர். தராவீஹில் எட்டு ரக்அத்தோடு எழும்பிப் போகிறவர். மலசலகூடத்துக்குள் போய்ப் பதினைந்து நிமிடமாக வெளியே வராதவர். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதென்றால் அஸரோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுபவர். உம்ராவுக்குப் போகக் காசு இருந்தும், தவாஃபின் நடுவில் முட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போடுபவர்.

மலசலகூடத்தில் அதிக நேரம் நிற்பவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'வஸ்வாஸ்காரர்'. சிலருக்கு உண்மையிலேயே வஸ்வாஸ் இருக்கலாம். ஆனால் அறுபது வயதுக்குப் பிறகு புதிதாக வந்த 'வஸ்வாஸ்' பெரும்பாலும் மனதில் இருப்பதில்லை. சிறுநீர் தொடங்க நேரமாகிறது, விட்டு விட்டு வருகிறது, முடிந்தது என்று எழும்பினால் சொட்டுகிறது. உடுப்பு நஜீஸாகிவிடுமே என்ற பயத்தில் மனிதர் உள்ளே நிற்கிறார். வெளியே வரிசையில் நிற்கும் வாலிபர்கள் சிரிக்கிறார்கள்.

வெட்கத்துக்கு இன்னொரு காரணம் எமது வீட்டு அமைப்பு. கிழக்கில் மகளுக்கு வீடு கொடுப்பது எமது வழக்கம். வாழ்நாள் முழுக்க உழைத்துக் கட்டிய வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவிட்டு, அதே வீட்டின் பின்னறையில் வாப்பாவும் உம்மாவும் இருப்பார்கள். மருமகன் முன்னறையில். இரவில் நாலைந்து தடவை எழும்பி, விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, மருமகன் படுக்கும் அறையைக் கடந்து போக வேண்டும். எத்தனை வாப்பாமார் இதற்காகவே அறைக்குள் ஒரு போத்தலை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களின் மனைவிமாருக்குத்தான் தெரியும். மகனுக்குச் சொல்ல மாட்டார். மருமகனுக்குச் சொல்லவே மாட்டார். 'வயசு போனா இப்படித்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

வயது போனால் இப்படி வரலாம் என்பது சரி. வந்தால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சரியில்லை. அதில்தான் ஆபத்து இருக்கிறது.

நெரிக்கப்பட்ட குழாய்க்கு எதிராக வருடக்கணக்கில் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை முதலில் தடிக்கும், பிறகு தளர்ந்து போகும். ஒவ்வொரு முறையும் மிச்சம் தங்கும். தங்கிய சிறுநீரில் கிருமி வளரும், கல் உண்டாகும். சிலருக்கு அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகங்களை வலியே இல்லாமல் கெடுக்கும். இந்தக் கட்டத்தில் எந்த லேசராலும் அடைப்பை எடுக்கலாமே தவிர, தளர்ந்துபோன தசையைப் பழையபடி ஆக்க முடியாது. லட்சங்கள் செலவழித்த பிறகும் டியூப் எடுக்க முடியாமல் போகிறவர்களின் கதை பல நேரம் இதுதான். அங்கே குற்றம் ஒபரேஷனில் இல்லை, பிந்தியதில் இருக்கிறது.

உம்மாமாரும் மகள்மாரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஓர் அடையாளம் இருக்கிறது. வயதான ஆண் ஒருவர் புதிதாக, தன்னையறியாமல் இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் அதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள். பம்பர்ஸ் வாங்கிக் கொடுப்பதோடு முடித்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதன் அடையாளமாக அது இருக்கலாம். அப்படியென்றால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம், உடனே காட்ட வேண்டும். அதேபோல் சிறுநீரில் இரத்தம், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிறு வீங்கி ஒரு சொட்டும் வராத நிலை. இவற்றுக்கு அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு இரவென்றாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்ற பயத்திலேயே பலர் போவதில்லை. முதல் நாளே யாரும் வெட்டப் போவதில்லை. ஏழு கேள்விகள் கொண்ட ஒரு புள்ளித் தாள் இருக்கிறது, உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். எத்தனை தடவை எழும்புகிறீர்கள், விட்டு விட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்பது போன்ற கேள்விகள். மொத்தம் 35 புள்ளி. 7 வரை இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20க்கு மேல் கடுமை. பிறகு சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், சிறுநீரகத்துக்கான கிரியட்டினின், தேவையென்றால் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. வைத்தியர் கையுறை போட்டுப் பின்வழியாக ஒரு விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு வெட்கப்பட்டு ஆறு வருடம் கஷ்டப்படுவது எந்தக் கணக்கில் நியாயம்?

புள்ளி குறைந்தவருக்கு மாலைக்குப் பிறகு தேநீர், கோப்பி, தண்ணீரைக் குறைக்கச் சொல்லி, கண்காணிப்பார்கள். அடுத்தது மாத்திரை. இரண்டு வகை முக்கியம். டம்சுலோசின் போன்றவை குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், சில நாட்களிலேயே பலன் தெரியும். பினாஸ்டரைட் போன்றவை சுரப்பியையே சுருக்கும், ஆனால் பலன் தெரிய ஆறு மாதமளவு ஆகும். இதைச் சொல்லாமல் கொடுப்பதால் பலர் ஒரு மாதம் போட்டுவிட்டு 'மாத்திரை சரிவரல்ல' என்று நிறுத்திவிட்டு லேசருக்கு விசாரிக்கத் தொடங்குகிறார்கள். பினாஸ்டரைட் போடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் குறைந்து காட்டும், ஆகவே அதைப் போடுவதைப் பரிசோதிக்கும் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். டம்சுலோசின் போடுகிறவர் கண்ணில் கட்டராக்ட் ஒபரேஷன் செய்யப் போனால் கண் டொக்டருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒபரேஷன் நேரத்தில் கண்மணி சரியாக விரியாமல் சிக்கல் கொடுக்கும். எமது பெரியவர்களுக்கு இந்த இரண்டு நோயும் ஒரே வயதில்தான் வருகின்றன.

தடிமன், சளிக்குப் பார்மசியில் கேட்காமல் வாங்கிப் போடும் சில மாத்திரைகள் சுரப்பி பெருத்தவருக்குச் சிறுநீரை அப்படியே அடைத்துவிடும். மழைக்காலத்தில் அப்படி நடப்பதுண்டு. நெருஞ்சில் அவித்துக் குடிப்பவர்களோடு நாம் சண்டைக்குப் போகவில்லை. ஸ்கேன் எடுத்து, கிரியட்டினின் பார்த்து, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு பேசிக்கொள்ளலாம். பார்க்காமல் இரண்டு வருடம் அவித்துக் குடிப்பதுதான் பிழை.

மாத்திரைக்கும் அடங்காவிட்டால், அல்லது அடைப்பு, கல், இரத்தம், சிறுநீரகப் பாதிப்பு வந்துவிட்டால் ஒபரேஷன். இங்கேதான் விளம்பரங்கள் எமது மக்களைக் குழப்புகின்றன. கத்தியில்லை, தையலில்லை, தழும்பில்லை, லேசர் என்று போட்டிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்யும் டி.யூ.ஆர்.பி. என்ற வழமையான ஒபரேஷனிலும் வயிற்றில் கத்தி வைப்பதில்லை, தையலில்லை, தழும்பில்லை. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துவிட்டு, சிறுநீர் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அடைத்திருக்கும் சதையைச் சீவிச் சீவி எடுக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். புதிய சிகிச்சை எது வந்தாலும் இதோடு வைத்துத்தான் அளந்து பார்க்கிறார்கள்.

லேசர் என்றால் வெளியிலிருந்து ஒளி அடித்துச் சுரப்பியைக் கரைப்பது என்று எமது ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதற்கும் மயக்கம் அல்லது மரப்பு ஊசி வேண்டும், அதே வழியாகத்தான் கருவி போகும், பிறகு டியூப்பும் போடுவார்கள். வித்தியாசம், கம்பி வளையத்துக்குப் பதிலாக உள்ளே லேசர் இழை வேலை செய்கிறது. அதிலும் வகைகள் உண்டு. கிரீன்லைட் எனப்படும் பச்சை லேசர் சதையை ஆவியாக்குகிறது. ஹோல்மியம் லேசரால் செய்யும் ஹோலெப் என்ற முறையில், தோடம்பழத்தின் தோலை விட்டுச் சுளையை மட்டும் எடுப்பது போலச் சுரப்பியின் உள்சதையைப் பெயர்த்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அரைத்து வெளியே எடுக்கிறார்கள். 1990களில் நியூசிலாந்தின் தௌரங்கா நகரில் பீட்டர் கில்லிங் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் வளர்த்தெடுத்த முறை இது. சிறுநீர்க்கல்லை உடைப்பதும் இதே ஹோல்மியம் லேசரால்தான்.

லேசர் யாருக்கு உண்மையாகவே மேலானது? சுரப்பி மிகப் பெரிதாக, 80 கிராமுக்கு மேல் போனவர்களுக்கு ஹோலெப் பெரிய உதவி. முன்பு அவர்களுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. இருதய நோய்க்கு இரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இரத்தப்போக்கு குறைவு என்பதால் லேசர் பொருத்தமாக இருக்கலாம். ஐரோப்பாவில் 9 நாடுகளில் கிரீன்லைட்டையும் டி.யூ.ஆர்.பி.யையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பலன் குறையவில்லை, லேசர் செய்தவர்களுக்கு டியூப்பை முந்தி எடுக்கவும் முந்தி வீடு போகவும் முடிந்தது. இவையெல்லாம் லேசரின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியவை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 7 ஆஸ்பத்திரிகளில் 410 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு டி.யூ.ஆர்.பி.யும் மறு பகுதியினருக்குத் தூலியம் என்ற லேசரும் செய்தார்கள். தனக்கு எது செய்யப்பட்டது என்று நோயாளிக்கே சொல்லவில்லை. 2020இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து இரு பகுதியினரின் கஷ்டமும் ஒரே அளவில் குறைந்திருந்தது. சிறுநீர் போகும் வேகம் டி.யூ.ஆர்.பி. செய்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களிலும் சிக்கல்களிலும் பெரிய வித்தியாசமில்லை. நடுத்தர அளவு சுரப்பி உள்ள ஒருவர், லேசர் கிடைக்கவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? லேசருக்கென்று காணியை ஈடு வைக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்துத் தட்டுப்பாட்டைப் பார்த்தோம், விசேட வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனதையும் பார்த்தோம். கிளினிக் நாளில் விடியற்காலையில் போய் நம்பர் எடுக்க வேண்டும். ஒபரேஷனுக்குத் திகதி கிடைக்க மாதங்கள் போகலாம். டியூப்பும் பையுமாக மாதக்கணக்கில் காத்திருக்க முடியாமல் தனியாருக்குப் போகிறவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நீண்ட வரிசைக்கு முந்திச் சேர வேண்டுமே. அடைத்த பிறகு வரிசையில் சேர்கிறவருக்குத்தான் ஒரு நாளும் பொறுக்க முடியாது. மாத்திரையோடு இருக்கும் காலத்திலேயே கிளினிக் கொப்பி போட்டவருக்குத் திகதி வரும் வரை காத்திருக்க முடியும்.

ஆகவே லேசருக்கென்று காசு சேர்க்க முன், அல்லது நகையை அடகு வைக்க முன், டொக்டரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை.

1. ஸ்கேனில் சுரப்பி எத்தனை கிராம்? சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது? கிரியட்டினின் எவ்வளவு?

2. மாத்திரையைப் போதுமான காலம் பாவித்துப் பார்த்தாகிவிட்டதா? ஒபரேஷன் இப்போதே கட்டாயமா?

3. எனது சுரப்பியின் அளவுக்கும் எனது மற்ற நோய்களுக்கும் டி.யூ.ஆர்.பி. போதாதா? போதாதென்றால் ஏன்?

4. லேசர் என்றால் எந்த லேசர்? செய்பவர் இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? ஹோலெப் கற்றுக்கொள்ளக் கஷ்டமான முறை, கை பழக வேண்டும். இயந்திரத்தை விடக் கைதான் முக்கியம்.

5. எடுக்கும் சதையைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா? ஆவியாக்கும் லேசரில் அனுப்பச் சதை மிஞ்சாது. அப்படியென்றால் பி.எஸ்.ஏ.யை முன்கூட்டியே பார்த்தாகிவிட்டதா?

6. இதே ஒபரேஷன் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் நடக்கிறது? அதுவரை காத்திருப்பது எனக்கு ஆபத்தா?

ஒபரேஷனுக்குப் பிறகு நடப்பவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை ஒருவரும் பேசுவதில்லை. சில கிழமைகளுக்கு எரிவும் இடைக்கிடை இரத்தமும் இருக்கலாம். பாரம் தூக்குவதும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓடுவதும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். சிலருக்கு, குறிப்பாக ஹோலெப்புக்குப் பிறகு, சில கிழமைகளோ மாதங்களோ கட்டுப்பாடில்லாமல் சொட்டும், பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, தாம்பத்தியம். டி.யூ.ஆர்.பி. ஆனாலும் ஹோலெப் ஆனாலும் பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்ப் பின்னர் சிறுநீரோடு வெளியேறும். உடலுக்குக் கெடுதியில்லை. ஆண்மை போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். ஆனால் இன்னும் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவர் இதை முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்க வேண்டிய விடயம் இது.

மார்க்க விடயத்துக்கு வருவோம். எமது பெரியவர்களின் மிகப் பெரிய கவலை நோயில்லை, தொழுகை. சொட்டுகிறதே, வுழூ நிற்குமா, பையோடு எப்படித் தொழுவது, பள்ளிக்குப் போகலாமா? இந்தக் கவலையில் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். எமது ஷாபிஈ மத்ஹபில் இதற்கு நூற்றாண்டுகளாகத் தெளிவான சட்டம் இருக்கிறது. சிறுநீர் நிற்காமல் சொட்டும் நோயுள்ளவர் தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டி, வுழூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். பிறகு சொட்டினாலும் தொழுகை கூடும். ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுழூ. டியூப் போட்டவர்களின் நிலை பற்றி மௌலவிமாரிடம் கேட்டால் இலகுவாக விளக்குவார்கள். நோயாளிக்கு இத்தனை இலகு கொடுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு நாமே அவர்களை வீட்டோடு முடக்கலாமா?

ஆகவே சில வேண்டுகோள்கள்.

நம்பிக்கையாளர் சபையினருக்கு: பள்ளிவாசல் மலசலகூடங்களில் ஒன்றையாவது கொமட்டும் கைப்பிடியும் வெளிச்சமும் நன்றாகப் பூட்டும் கதவும் உள்ளதாக ஆக்குங்கள். கார்ப்பட் மாற்றும் செலவில் சிறு பங்குதான் வரும். ஏதாவது ஓர் இஷாவுக்குப் பிறகு எமது ஊர் டொக்டர் ஒருவரைக் கொண்டு ஆண்களுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் பேச வையுங்கள். அந்த ஏழு கேள்வித் தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக நிரப்பட்டும். கதீப்மார் ஒரு குத்பாவில் நோயாளியின் வுழூ பற்றிப் பேசினால் பலர் கண்ணீரோடு திரும்பிப் பள்ளிக்கு வருவார்கள்.

பைத்துல்மாலுக்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும்: லட்சங்கள் சேர்த்துக் கடைசிக் கட்டத்தில் கொடுப்பதை விட, முதல் கட்டத்தில் ஆயிரங்களில் கொடுப்பது பலருக்குப் பயன்படும். ஸ்கேனுக்கு, பி.எஸ்.ஏ.க்கு, கிளினிக் போகும் வாகனத்துக்கு, ஆஸ்பத்திரியில் இல்லாத மாத்திரைக்கு. கூடப் போக ஆள் இல்லாத பெரியவரோடு ஒரு வாலிபரை அனுப்புங்கள், அதுவும் ஸதகாதான். ஹஜ், உம்ராக் குழு நடத்துகிறவர்கள் புறப்பட மூன்று மாதத்துக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மினாவில் வைத்து அடைத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

உம்மாமாருக்கு: இரவில் அவர் எத்தனை தடவை எழும்புகிறார் என்பது உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். 'அவர் சொல்லக் கூடாதெண்டாரு' என்று நீங்களும் மறைத்தால் வேறு யாரும் காப்பாற்ற முடியாது. பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டுமாவது சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் மருமகன்மாருக்கும்: கேட்கும் முறை இருக்கிறது. எல்லோரும் இருக்கும் சபையில் கேட்காதீர்கள். தனியாக, வாகனத்தில் போகும்போது, 'வாப்பா, ராவையில எழும்புறது கூடயா இருக்கா? சும்மா ஒருக்காக் காட்டிட்டு வருவம்' என்று சொன்னால் போதும். பின்னறைக்குப் பக்கத்தில் ஒரு மலசலகூடம் கட்ட முடிந்தால் கட்டிக் கொடுங்கள், வழியில் ஒரு சிறு இரவு விளக்காவது போடுங்கள். அதுவும் ஒரு மருந்து.

கடைசியாக வாப்பாமாருக்கு: வகுப்பறையிலும் வயலிலும் கடையிலும் கடலிலும் வாழ்நாள் முழுக்க அடக்கி அடக்கிப் பழகியவர்கள் நீங்கள். இந்த விடயத்தில் அடக்க வேண்டாம். மனைவிக்கு, மகனுக்கு, டொக்டருக்கு, யாராவது ஒருவருக்குச் சொல்லுங்கள். இந்தக் கிழமையே சொல்லுங்கள்.

எமது பெரியவர்களுக்கு அல்லாஹ் ஆஃபியத்தைக் கொடுக்கட்டும். இந்தப் பதிவை வாப்பாவுக்கு நேரில் காட்டக் கூச்சமாக இருந்தால் வீட்டுக் குழுமத்தில் போட்டுவிடுங்கள். பேசாமல் வாசித்துக்கொள்வார், இன்ஷா அல்லாஹ்.